சூடத்தின் மேல் வைத்த கை

மேடையில் வீற்றிருக்கும் கட்சித் தலைவர்களே, கணவரை இழந்து கலங்கி நிற்கும் அண்ணியார் வள்ளிநாயகி அவர்களே, லின்டேல் தோட்டத்து மக்களே, வணக்கம்.

நம் சட்டமன்ற உறுப்பினர் டத்தோ திருச்செல்வம் அவர்கள் மறைந்துவிட்டார். அவரோடு சேர்ந்து லோரித் தொழில் செய்த வசந்தன் நான். எனக்கு அவர் டத்தோ அல்லர், அண்ணன்!

ரஹாங் ஊரில் ஒரே ஒரு பழைய லோரி. அதில் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைப் பழக்குலை ஏற்றித் தொடங்கிய வாழ்க்கை அது. இந்தத் தோட்டத்தில் யார் வீட்டில் சாவு என்றாலும், குலையை இறக்கிப் போட்டுவிட்டு, இடுகாட்டுக்கு ஆட்களை ஏற்றிப் போக லோரியைக் கழுவி அனுப்புவார். யாரும் கேட்க வேண்டியதில்லை! அந்த மனிதரைத் தேர்தலில் நிறுத்தாமல் வேறு யாரை நிறுத்துவது?

நிறுத்தினோம். முனியாண்டி கோயில் வாசலில் கூட்டம்; இந்தத் தலைவர்களும் இருந்தார்கள். கைதட்டல் காதைப் பிளந்தது. எழுதிக் கொடுத்த பேச்சை விட்டுவிட்டு, அண்ணன் எரியும் சூடத்தின் மேல் கை வைத்தார். "தோட்டத்து லயத்து வீட்டுல இருக்கிற எல்லாருக்கும் சொந்த வீடு வாங்கிக் கொடுக்காம நான் இந்தப் பதவிய விடமாட்டேன்!" வீடு தருவேன் என்று மட்டும் சொல்லியிருக்கலாம். பதவியை விடமாட்டேன் என்று ஏன் சொன்னார்? நாம் தட்டிய தட்டில் சொல்லிவிட்டார்!

தோட்டம் கைமாறியது. புது முதலாளி வீடு கட்ட நிலம் தர மறுத்தார். சட்டமன்றத்தில் எழுந்து பேசினால் கட்சிக்கு ஆகாது; பேசாமல் இருந்தால் தோட்டத்துக்கு ஆகாது. என்ன செய்வார் என் அண்ணன்? நெஞ்சுவலி வந்தது. மருத்துவர் அரசியல் வேண்டாம் என்றார். அண்ணியார் அழுதார். விலகுவதென்று முடிவு செய்து, உங்களிடம் சொல்ல இங்கே வந்தார். லயத்தில் குடியிருக்கும் நம் பஞ்சாலை அக்கா கேட்டார்: "ஒடம்பு முடியலன்னா போங்க டத்தோ. ஆனா முனியாண்டிக்கு யாரு பதில் சொல்றது?"

காரில் ஏறியதும் அண்ணன் சட்டைப் பொத்தானைக் கழற்றினார். "மாட்டிக்கிட்டேன் லா, வசந்தா. லோரின்னா வித்துட்டுப் போயிடலாம். இத யாருக்கிட்ட விக்கிறது?"

பதவியிலேயே போய்விட்டார். வீடு இன்னும் வரவில்லை.

இடைத்தேர்தலில் நான் நிற்க வேண்டும் என்று தலைவர்கள் முடிவு செய்திருக்கிறார்கள். என்னைக் கேட்கவில்லை! அதோ, முன்வரிசையில் பஞ்சாலை அக்கா தட்டில் சூடத்தோடு உட்கார்ந்திருக்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது, உறவுகளே. மண்டபத்துக் கதவு திறந்துதான் இருக்கிறது. இறங்கிப் போக முடியவில்லை.

அண்ணனின் பணியைத் தொடர்வேன். ஆனால் அவரைப் போலத் தனியாக அல்ல. அக்கா, சூடத்தை ஏற்றி மேடைக்குக் கொண்டு வாருங்கள். அன்று கைதட்டிய தலைவர்கள் ஒவ்வொருவராக எழுந்து வந்து முதலில் கை வைக்கட்டும்.

கடைசிக் கை என்னுடையது.