இருபதாவது ஆட்டம்

உங்கள் அறிக்கையை இரண்டு முறை படித்தேன், ஐயா. நன்றாகத்தான் எழுதியிருக்கிறீர்கள். தேதி, நேரம், ஆஸ்பத்திரிச் சீட்டு எண் எல்லாம் சரி. ஏழாம் பத்தியில் ஒரே ஒரு வார்த்தைதான் கண்ணில் விழுந்த தூசு மாதிரி உறுத்துகிறது. ஏஜென்டின் ‘கவனக்குறைவால்’ கார் கதவு மூடப்பட்டு ஆட்டக்காரரின் விரல்கள் நசுங்கின என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்காக என் லைசென்ஸை ஆறு மாதம் நிறுத்தி வைக்கலாம் என்பது உங்கள் ஒழுங்குக் குழுவின் யோசனை.

ஆறு மாதம் எனக்குப் பெரிய விஷயமில்லை. பரணைச் சுத்தம் செய்ய ஆள் கிடைத்தது என்று மனைவி சந்தோஷப்படுவாள். ஆனால் இருபத்திரண்டு வருஷமாகக் கால்பந்து ஆட்டக்காரர்களுக்கு ஒப்பந்தம் எழுதிக் கொடுக்கிறவன் நான். ஒரு கமாவைக்கூடக் கவனக்குறைவாக வைத்ததில்லை. இந்தப் பெயரைச் சுமந்துகொண்டு என்னால் தொழில் செய்ய முடியாது. ஆகவே நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன். டைப் அடிக்கிற அம்மாவுக்கு என் வேகம் அதிகமென்றால் சொல்லட்டும், நிறுத்தி நிறுத்திப் பேசுகிறேன்.

என்னிடம் இருக்கும் ஆட்டக்காரர்களில் இரண்டு பேர் ஒரே கிளப்பின் கோல்கீப்பர்கள். தொழில் தெரிந்தவர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். கோல் அடிக்கிறவர்கள் என்றால் ஒரே கிளப்பில் நாலு பேரைக்கூட வைத்துக்கொள்ளலாம். கம்பங்களுக்கு நடுவே நிற்பது ஒருவன்தான். அவன் நின்றால் மற்றவன் உட்கார வேண்டும். ‘இரண்டு பெண்டாட்டிக்காரன்’ என்று மற்ற ஏஜென்டுகள் எனக்குப் பட்டப்பெயரே வைத்துவிட்டார்கள்.

மூத்தவன் என் மச்சான், மனைவியின் தம்பி. வயது முப்பத்தாறு. கல்யாணத்தன்று பெண்ணோடு சேர்த்து அவனையும் என் தலையில் கட்டிவிட்டார்கள். இளையவனுக்கு இருபத்து மூன்று. பெயின்ட் அடிக்கிறவரின் மகன். ஆறடி நாலு அங்குலம். அவனை அந்தக் கிளப்புக்குக் கொண்டுவந்ததே நான்தான். மச்சான் ஓய்வு பெற்றாலும் இடம் கைவிட்டுப் போகக் கூடாது என்று ஒரு முன்யோசனை. இளையவன் என்னை அண்ணே என்பான். புதுக் கையுறை வாங்கினால் முதலில் என்னிடம் காட்டிவிட்டுத்தான் மாட்டுவான். அவனை எனக்கு உண்மையிலேயே பிடிக்கும், இதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

இனி மச்சானின் ஒப்பந்தத்தில் நான் எழுதிய ஷரத்துக்கு வருகிறேன். மச்சான் ஒரு சீசனில் இருபது ஆட்டம் ஆடிவிட்டால், கிளப் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் அவன் ஒப்பந்தம் தானாகவே இரண்டு வருஷம் நீளும். மூன்றே வரி. அதை எழுத எனக்கு ஒன்பது நாள் பிடித்தது. கிளப்பின் வக்கீல் படித்துப் பார்த்துவிட்டு, ஒரு ஓட்டை இல்லை என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அன்று இரவு நான் சாப்பிடாமலே வயிறு நிறைந்து தூங்கினேன்.

மச்சான் பத்தொன்பது ஆட்டம் ஆடினான். அதற்கடுத்த வாரம் கோச் அவனை பெஞ்சில் உட்கார வைத்தார். அடுத்த வாரமும் பெஞ்ச். ஐந்து வாரம் ஆனதும் நேரில் போய்க் கேட்டேன்.

"ஃபார்ம் கொஞ்சம் சரியில்ல சார்," என்றார் கோச், என் முகத்தைப் பார்க்காமல் கையிலிருந்த விசிலைப் பார்த்துக்கொண்டு.

"இருபது வந்துருமேன்னு பயமா?"

"கணக்கெல்லாம் எனக்குத் தெரியாது சார். மேல சொல்றாங்க, நான் ஆளை மாத்துறேன். எனக்கும் புள்ளகுட்டி இருக்கு."

அவரை நான் குறை சொல்ல மாட்டேன். கிளப்பின் பக்கம் உட்கார்ந்திருந்தால் நானும் அதையேதான் செய்திருப்பேன். ஷரத்தில் ஓட்டை இல்லைதான். ஓட்டை இல்லாத வீட்டுக்குள் ஆளையே விடாமல் வாசலில் நிறுத்திவிட்டார்கள்.

அந்த ஐந்து வாரமும் இளையவன் நின்றான். எப்படி நின்றான் என்று நீங்களே பார்த்திருப்பீர்கள். இரண்டு பெரிய கிளப்புகள் எனக்கு போன் செய்து விசாரித்தன. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. வீட்டில்தான் கொஞ்சம் புகைச்சல்.

"ஊரான் புள்ளைக்குப் பெரிய கிளப் பாக்குறீங்க. என் கூடப் பொறந்தவன் மூலையில உக்காந்திருக்கான்," என்றாள் மனைவி. "ஒரு கண்ணுல வெண்ணெய், ஒரு கண்ணுல சுண்ணாம்பு."

மச்சான் அப்போது சோபாவில் முழங்காலில் ஐஸ் பையை வைத்துக்கொண்டு படுத்திருந்தான். "விடுக்கா. மாமா, நீங்களும் விடுங்க. எனக்கே போதும்னு இருக்கு. பொண்ணு ஸ்கூல் பக்கமா ஒரு கடை போட்டு உக்காந்துக்கிறேன்," என்றான்.

ஆகவே மச்சானுக்காகச் செய்தேன் என்று நான் சொன்னால் அது பொய். அவன் கேட்கவே இல்லை. மனைவிக்காக என்று சொன்னால் உங்கள் முகத்தில் கொஞ்சம் இரக்கம் வரும், ஆனால் அதுவும் முழு உண்மையில்லை. ஒன்பது நாள் உட்கார்ந்து எழுதிய மூன்று வரியை ஒரு விசில்காரரை வைத்துச் செல்லாக்காசு ஆக்குகிறார்களே என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. எதற்கும் அழாதவன் நான், அந்த வாரம் ஒப்பந்தத்தை எடுத்து வைத்துக்கொண்டு கண் கலங்கினேன்.

சீசனில் ஒரே ஒரு ஆட்டம் மிச்சம் இருந்தது. மூன்றாவது கோல்கீப்பர் குடல்வால் ஆபரேஷன் முடிந்து படுத்திருந்தான். அதில் எனக்குப் பங்கில்லை, அது கடவுள் செயல். ஆக, ஞாயிற்றுக்கிழமை இளையவன் ஆட முடியாமல் போனால், கோச்சுக்கு மச்சானை விட்டால் வேறு கதியில்லை.

நீங்கள் கேட்கப்போவது தெரிகிறது. இளையவனிடமே சொல்லியிருக்கலாமே, காய்ச்சல் என்று ஒரு நாள் படுத்துக்கொள்ளப்பா என்றால் படுத்திருப்பானே. கட்டாயம் படுத்திருப்பான், என் பேச்சை அவன் தட்டியதே கிடையாது. ஆனால் ஆடத் தகுதியுள்ள ஆட்டக்காரரைப் பொய்க் காரணம் சொல்லி ஒதுக்கிவைப்பது உங்கள் விதிப் புத்தகத்தில் பதினான்காவது குற்றம். விதியை மீறிப் பழக்கமில்லை எனக்கு. ஆகவே காரணம் உண்மையாக இருக்க வேண்டியிருந்தது.

என் காரில் முன்சீட்டு எப்போதும் ஃபைலால் நிறைந்திருக்கும். இளையவன், ஓட்டுகிற எனக்கு நேர் பின்னால்தான் உட்காருவான். அவ்வளவு பெரிய உடம்பு, பிடிமானம் இல்லாமல் எழ முடியாது. இறங்கும்போது முன்கதவுக்கும் பின்கதவுக்கும் நடுவில் இருக்கிற கம்பத்தை இடது கையால் பற்றிக்கொண்டுதான் வெளியே வருவான். விரல்கள் நான்கும் என் கதவு வந்து மூடுகிற இடத்தில் இருக்கும். ஆகவே நான் முதலில் இறங்கி, கதவைப் பிடித்துக்கொண்டு நின்று, "தம்பி, கை" என்பேன். அவன் கையை எடுத்ததும் மூடுவேன். இரண்டு வருஷமாக ஒரு நாள் தவறாமல் சொல்லியிருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை காலை பத்தே காலுக்குப் பயிற்சி மைதானத்தின் கார் நிறுத்துமிடத்தில் இறங்கினோம். வெயில் நன்றாக இருந்தது. பெரிய கிளப்பிலிருந்து ஆட்டம் பார்க்க ஞாயிற்றுக்கிழமை ஆள் வருகிறார்களாமே என்று அவன் கேட்டுக்கொண்டே எழுந்தான். ஆமாம் என்றேன். கை வந்து கம்பத்தைப் பற்றியது. அவன் எடையெல்லாம் அதில் இறங்குகிற வரைக்கும் காத்திருந்தேன். அதற்குப் பிறகுதான் மூடினேன். நன்றாகத் தள்ளித்தான் மூடினேன், அரைகுறையாகச் செய்தால் வெறும் வீக்கத்தோடு ஐஸ் வைத்து ஆடவிட்டுவிடுவார்கள். இடது கை என்பதையும் நான் யோசித்துத்தான் வைத்திருந்தேன். அவன் கையெழுத்துப் போடுவது வலது கையால்.

ஆகவே ஏழாம் பத்தியில் அந்த வார்த்தையைத் தயவுசெய்து அடித்துவிடுங்கள். அன்று நான் கவனித்த மாதிரி என் ஆயுளில் எதையும் கவனித்ததில்லை.

ஆஸ்பத்திரிக்கு நான்தான் ஓட்டிக்கொண்டு போனேன். மூன்று சிவப்பு விளக்குகளைத் தாண்டினேன், வேண்டுமானால் அதற்கு அபராதம் போடுங்கள். எக்ஸ்ரே அறை வாசலில் நான் அழுதது நிஜ அழுகை. அவன் என்னைத் தேற்றினான். "என் தப்புதாண்ணே. நான்தான் கையைப் பாத்து எடுத்திருக்கணும். நீங்க தினமும் சொல்றீங்க, ஒரு நாள் சொல்லலைன்னா எனக்குப் புத்தி எங்க போச்சு?" என்றான். நர்சிடமும் அதையே சொன்னான்.

ஞாயிற்றுக்கிழமை மச்சான் ஆடினான். நாலு கோல் விட்டான். ஒன்று அவன் கால்களுக்கு நடுவே போனது. அந்தத் தோல்வியால் கிளப் கீழ் டிவிஷனுக்கு இறங்கியது. கோச்சுக்கு வேலை போனது. ஆனால் எத்தனை கோல் விடலாம் என்று என் ஷரத்தில் எதுவும் இல்லை. எண்ணிக்கை இருபது ஆனது, ஒப்பந்தம் தானாகவே இரண்டு வருஷம் நீண்டது. திங்கட்கிழமை காலை கிளப்பின் வக்கீல் போன் செய்து, மூன்று வரியையும் எனக்கே வாசித்துக் காட்டிவிட்டு வைத்துவிட்டார். மச்சான் இப்போது முழங்காலைத் தடவிக்கொண்டு தினமும் பயிற்சிக்குப் போய்வருகிறான். கடை போட நினைத்த இடத்தை வேறு யாரோ எடுத்துக்கொண்டார்கள்.

இளையவனுக்கு இரண்டு விரல் மடங்கவில்லை. மூன்று டாக்டர்களிடம் காட்டினேன். பந்தைப் பிடிக்கிற கையாக இனி அது ஆகாது என்று மூன்று பேரும் சொல்லிவிட்டார்கள். பெரிய கிளப்புகள் அதன்பின் போன் செய்யவில்லை. நான் அவனைக் கைவிட்டுவிட்டேன் என்று நினைக்காதீர்கள். என் ஆபீசிலேயே வேலை கொடுத்திருக்கிறேன். அதற்கும் ஒப்பந்தம் நானே எழுதினேன், ஐந்து வருஷத்துக்கு. படித்துப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டான்.

இவ்வளவுதான் நடந்தது. இதில் எதையும் மறுக்க மாட்டேன், எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ அங்கே போடுகிறேன். ஒரே ஒரு வேண்டுகோள். வெளியே பெஞ்சில் உயரமாக ஒருவன் என் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறானே, அது அவன்தான். அண்ணன் மேல் தப்பே இல்லை என்று உங்களிடம் சாட்சி சொல்ல, நான் வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் காலையிலிருந்து காத்திருக்கிறான். அவனைக் கூப்பிட்டால் அவன் சொல்வதை எழுதிக்கொண்டு அனுப்பிவிடுங்கள், நான் சொன்னது எதையும் அவன் காதில் போட வேண்டாம். இளகின மனசு ஐயா அவனுக்கு. அது நோகிற மாதிரி நான் இதுவரை எதுவும் செய்ததில்லை.