சீனித்தாய் விதைச்ச ஆவாரங்காடு

ரொம்ப காலத்துக்கு முந்தி, இந்தச் செங்கரட்டுப்பட்டியில சீனித்தாய்னு ஒரு பொம்பளை இருந்தாளாம். கல்யாணமாகி ஒரு வருசம்கூட ஆகல. மழை இல்ல, வேலை இல்லன்னு புருசன் வேலாண்டி கடல் தாண்டிக் கண்டிச்சீமைக்குப் போயிட்டானாம்.

அதுக்கப்புறமும் மழை இல்ல. ஒரு வருசம் இல்ல, ரெண்டு வருசம் இல்ல, நாலு வருசம். நின்ன மரத்தையெல்லாம் வெட்டி வித்துத் தின்னாச்சு. ஊரே தண்ணியத் தேடி மேற்க கிளம்பிருச்சு. அண்ணன்காரன் வண்டியக் கட்டிக்கிட்டு இவ வாசல்ல வந்து நின்னானாம்.

"ஏறு தாயி. இங்க இனி என்ன இருக்கு?"

"அவுக வந்தா, நான் எங்க போனேன்னு யாருகிட்டண்ணே கேப்பாக?"

அண்ணன் தங்கிட்ட இருந்த சோளத்துல ஒரு மூட்டைய எறக்கி வச்சுட்டு அழுதுகிட்டே போனானாம்.

இவ ஒத்தையில. பேச ஆள் இல்ல. சோளம் தீந்ததும் கோரைக்கிழங்கத் தோண்டித் தின்னாளாம். ஊருணியில ஊத்துத் தோண்டித் தண்ணி எடுத்தாளாம். ஒருநாள் கரட்டு மேல ஏறிப் பாத்தா, எந்தப் பக்கமும் ஒரே பொட்டல். வர்ற மனுசன் எத வச்சு ஊரக் கண்டுபிடிப்பான்னு நெஞ்சு பதறிப்போச்சாம். அந்த வெயில்லயும் அங்க ஒரு ஆவாரஞ்செடி மஞ்ச மஞ்சேன்னு பூத்து நின்னுச்சாம்.

கன்னாப் பாத்துப் பிடுங்கிட்டு வந்து நட்டா. கருகிப்போச்சு. வெதைய உதுத்துப் போட்டா. முளைக்கல, தோலு அம்புட்டுக் கெட்டி. பெறகு வெதைய அம்மியில லேசா உரசி, ஊறப்போட்டு, ஊருக்கு வர்ற பாதை நெடுக ஊனுனாளாம். தனக்கு ஒரு செரட்டைத் தண்ணி, செடிக்கு ஒரு செரட்டை. வேரு பிடிச்சதும் அதுக்குத் தண்ணியே வேண்டியதில்ல. மூணாம் வருசம் பாதை பூராம் மஞ்சளாப் பூத்துச்சாம்.

மழை பேஞ்ச சேதி கேட்டு, போன சனம் திரும்புச்சு. தடத்தையெல்லாம் புழுதி மூடிக் கெடந்துச்சாம். தூரத்துல தெரிஞ்ச மஞ்சளப் பாத்துத்தான் வண்டிய ஓட்டுனாகளாம்.

சீனித்தாய் ஒவ்வொரு வண்டியாப் பாத்தாளாம். ஒவ்வொரு மொகமாப் பாத்தாளாம். கடைசி வண்டியும் கடந்து போச்சு. அண்ணன் பொண்டாட்டி கொண்டையில வைக்க ஒரு பூவப் பறிக்கப் போனப்பத்தான் வாயத் தொறந்தாளாம்.

"பறிக்காதீக மதினி. இன்னும் ஒரு ஆளு வரணும்."

அவ சாகுற மட்டும் வேலாண்டி வரலயாம்.

அதனாலதான் பொங்கலுக்குக் காப்புக் கட்ட, நாம இன்னைக்கும் பக்கத்து ஊர்ல போயி ஆவாரம்பூ கொண்டாறோம். நம்ம பாதையில பூத்ததுல ஒத்தப் பூவக்கூட யாரும் தொடுறதில்ல.