யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை

தலைமை ஏற்று அமர்ந்திருக்கும் தக்காளி மண்டித் தொழிலாளர் சங்கத் தலைவர், ஏலம் கூவியே ஊரை எழுப்பும் வெண்கலக் குரலோன் மாதையன் அண்ணன் அவர்களே, பாலக்கோட்டுப் பெரியோர்களே, பழம் பொறுக்கிப் பழம் பொறுக்கிச் சிவந்த கரங்களுக்குச் சொந்தமான தாய்மார்களே, பந்தலுக்குப் பின்னால் பிரியாணி வாசம் வந்தும் இடம் நகராத பண்பாளர்களே, மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்ட சசிகலாவின் முதல் வணக்கம்.

மாலை போட்டீர்கள், மகிழ்ச்சி. அது வாடுவதற்குள் ஓர் உண்மையை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். மாரத்தானுக்குப் பயிற்சி தொடங்கிய புதிதில், தக்காளி தரம் பிரித்தபடியே, 'தினம் எட்டு கிலோமீட்டர் ஓடறேன்' என்று உங்களிடம் அளந்தேன் அல்லவா? அதில் நான்கு கிலோமீட்டர் பால் வண்டியில் வந்தது.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நாற்பத்தாறு வயதுக்காரி, சேலைமேல் வீட்டுக்காரர் சட்டையை மாட்டிக்கொண்டு விடியற்காலையில் சாலையில் ஓடினால் நம் ஊர் விட்டுவிடுமா? பால்காரர் பச்சியப்பன் வண்டியைக் குறுக்கே நிறுத்தினார்.

"என்னக்கா, யாருக்கு என்ன ஆச்சு?"

"ஒன்னும் ஆவல தம்பி. சும்மா ஓடறன்."

"சும்மா யாருக்கா ஓடுவாங்க? ஆஸ்பத்திரிக்கா? ஏறுங்க, போற வழிதான்."

மறுத்தால் மனம் நோகும் என்று ஏறினேன். மறுநாள் சவுரியப்பன் அண்ணன் டிராக்டர். "வூட்ல சண்டையாம்மா? நான் வேணா வந்து பேசட்டுமா?" அதிலும் ஏறினேன். அதோ, முன்வரிசையில் துண்டால் வாயை மூடிக்கொள்கிறாரே, அவரேதான்.

இதைக் கேள்விப்பட்ட, என்னோடு தரம் பிரிக்கும் கண்ணம்மாள், மண்டி நடுவில் நின்று சொன்னாள்: "நீ எங்கடி நாப்பத்திரண்டு கிலோமீட்டர் ஓடுவ? வண்டி கெடைக்கற வரைக்கும்தான் ஓடுவ."

நானும் சிரித்தேன். ஆனால் தைத்துவிட்டது. தருமபுரி மாரத்தானைச் சொந்தக் காலில் முடிப்பேன், முடியாவிட்டால் ஓட்டம் என்ற சொல்லையே இனி எடுக்கமாட்டேன் என்று அங்கேயே சொல்லிவிட்டேன்.

மகள் அன்பரசி அந்தச் சட்டையின் முதுகில் பெயின்ட்டால் பெரிதாக எழுதித் தந்தாள்: 'யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பயிற்சி.' அதற்குப்பின் வண்டிகள் வந்தன, வாசித்தன, கைகாட்டிச் சென்றன. ஐந்து பத்தானது, பத்து இருபதானது, இருபது முப்பதானது. நகம் இரண்டு போனது. நாணம் முழுதும் போனது.

போட்டி நாள். அன்றும் அதே சட்டைதான். முப்பத்தேழாவது கிலோமீட்டர். கால் இரண்டும் கல். மணி பதினொன்று. பன்னிரண்டுக்குள் முடிவுக் கோட்டைத் தொடவேண்டும். வண்டியில் ஏறினால் ஓட்டம் செல்லாது. கல்யாணமாகி இருபத்தைந்து ஆண்டில் ஒருநாளும் நேரத்துக்கு வந்து என்னை அழைத்துப் போகாத என் வீட்டுக்காரர் பூவரசன், அன்று பார்த்து மொபெட்டோடு வந்து நிற்கிறார்.

"போதும் சசி, ஏறு. யாரு பாக்கப் போறா?"

பின்சீட்டைப் பார்த்தேன். சிம்மாசனமாகத் தெரிந்தது.

தாய்மார்களே, நாம் ஓடாதவர்களா? பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஓடினோம். பஸ் கிளம்புகிறது என்று ஓடினோம். லோடு வந்துவிட்டது என்று ஓடினோம். அடுப்பில் பால் பொங்குகிறது என்று ஓடினோம். ஒரு நாள், ஒரே ஒரு நாள், நமக்கென்று ஓடினோமா? யாருக்கும் ஒன்றும் ஆகாமல், யாரும் கூப்பிடாமல், ஆசைக்கென்று ஓடினோமா? ஓடலாம், தாய்மார்களே. ஓடுவதற்கு ஒரு துக்கம் வேண்டியதில்லை. ஓடுவதற்கு ஒரு காரணமும் வேண்டியதில்லை.

"ஏறமாட்டன். முன்னாடி போவாதீங்க, பின்னாடியே வாங்க" என்றேன். வந்தார். ஐந்து கிலோமீட்டரும் என் நடைக்குத் தக்கபடி வண்டியை ஊரவிட்டுக்கொண்டே வந்தார். பன்னிரண்டுக்கு ஆறு நிமிடம் இருக்கையில் கோட்டை மிதித்தேன்.

பதக்கம் எங்கே என்று கேட்கிறீர்களா? கண்ணம்மாள் கழுத்தில். போட்டுப் பார்க்கிறேன் என்றாள், இன்னும் கழற்றவில்லை.

என்னைப் பேசவிட்ட தலைவருக்கும், பிரியாணியைத் தள்ளிவைத்த உங்களுக்கும் நெஞ்சார்ந்த நன்றி. அன்றைய மிச்சத்தையும் சொல்லி அமர்கிறேன். அத்தனை தூரம் ஊர்ந்து வந்ததில், வீடு திரும்பும் வழியில் மொபெட்டில் பெட்ரோல் தீர்ந்துபோனது. பங்க் மூன்று கிலோமீட்டர். அவர் முன்னால் பிடித்துக்கொண்டார், நான் பின்னாலிருந்து தள்ளினேன். பச்சியப்பன் பால் வண்டியில் வந்தார். சவுரியப்பன் அண்ணன் டிராக்டரில் வந்தார். இருவரும் என் முதுகில் எழுதியிருந்ததைப் படித்தார்கள். கைகாட்டிவிட்டுப் போய்விட்டார்கள். வணக்கம்.