கட்சி மாறிய குரல்

இரவு ஒன்றே முக்கால். தண்டவாளத்தை ஒட்டிய கிடங்குச் சாலை. தெருவிளக்கு ஒன்று விட்டு ஒன்று செத்துக் கிடக்கிறது. ஒரே ஒரு வேன்... பின்னால் ஆளுயர ஸ்பீக்கர்கள் எட்டு. ஓட்டுகிறவர் பெயர் பெட்டி. ஊர் வைத்த பெயர். நம் தெருத் தச்சரின் சகலை; இந்தக் கதையைச் சொன்னவரும் அந்தத் தச்சர்தான். வேலை முடியும் தேதியைத் தவிர தச்சர் எதிலும் பொய் சொன்னதில்லை, ஆகவே நம்பலாம்.

பெட்டியும் தொண்டையும் இருபது வருட ஜோடி. ரெக்கே, எதிரொலி விட்டு அதிரும் டப் பாட்டுகளை அவர்கள் ஸ்பீக்கர் செட்டில் போட்டால் யாரும் காதால் கேட்க மாட்டார்கள். விலா எலும்பால் கேட்பார்கள். பெட்டி இசைத்தட்டைச் சுழற்றுவார். தொண்டை மைக்கைப் பிடிப்பார். பெட்டியின் தங்கையைக் கட்டியவர். "உசிரு இருக்கிற வரைக்கும் என் குரல் வேற எவன் செட்டுலயும் வராது மச்சான்" என்று தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தவர்.

தொண்டை காய்ச்சலில் போய் நாலு மாதம். பெட்டியே நின்று மண் போட்டார்.

அன்று இரவு, அந்த வேன் கிளம்புவதற்கு முன்னால், செட்டுக்குச் செட்டுப் போட்டி. எதிராளி 'கண்ணாடி'. இருட்டிலும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாத பிரகிருதி. இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பாடகரைப் பிடித்து, தன் செட்டைப் புகழ்ந்து, எதிராளியைக் கிழித்துப் பாட வைத்து, ஒரே ஒரு தட்டு வெட்டிக்கொள்வார்கள். இரண்டாவது பிரதி உலகத்தில் கிடையாது. கண்ணாடி கடைசியில் அப்படி ஒன்றைப் போட்டான். ஊசி இறங்கியது... கர்ர்ர்...

தொண்டையின் குரல்.

"கண்ணாடிதான்டா ராஜா... பெட்டி வெறும் காலிப் பெட்டி!"

கூட்டம் விசிலடித்தது. தோற்றது பெட்டிக்கு வலிக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவன், முதுகுக்குப் பின்னால் போய் இதைப் பாடிவைத்திருக்கிறானே... எப்போது? அது தெரிந்தாக வேண்டும். அதற்குத்தான் இந்த நேரத்தில் வேன்.

(கதை கேட்கிறவர்கள் கதவுப் பக்கம் இடம் விட்டு உட்காராதீர்கள். காலியாக இருந்தால் யாராவது உட்கார்ந்துகொள்வார்கள்.)

தட்டு வெட்டுகிறவர் ராத்திரியில் தூங்காத ஆள். பூட்டிய சலூனுக்கு மேலே அறை. சூடான அரக்கு வாசனை. அதற்கு அடியில் இன்னொன்று... ஈரமண்.

"தொண்டை எப்போ வந்தான்?"

"வியாழக்கிழமை."

"எந்த வருஷத்து வியாழக்கிழமை?"

"என்ன கேள்விங்க இது... போன வியாழன். காய்ச்சல் விடல போல, கையெல்லாம் ஜில்லுன்னு. விளக்கை அணைக்கச் சொல்லிட்டாரு. பாடறவங்க மூச்சு மைக்குல ஈரமாப் படியும் பாருங்க... இவருக்குப் படியல. தட்டைத் தானே கொண்டுபோய்க் கண்ணாடி வாசல்ல வெச்சிடறேன்னாரு."

பெட்டி அப்படியே உட்கார்ந்துவிட்டார். பயத்தில் அல்ல, நிம்மதியில். உயிர் இருந்தவரை சத்தியம் தவறவில்லையே! செத்தபிறகு கட்சி மாறினால் எந்தக் கோர்ட்டில் போய் நிற்பது?

"வர்ற வியாழனுக்கும் சொல்லிவெச்சிருக்காரு" என்றார் வெட்டுகிறவர். "இன்னொரு பாட்டு, கண்ணாடிக்கே. கூடப் பாட வீட்டம்மாவையும் கூட்டிட்டு வர்றாராம்."

பெட்டி படிகளை இரண்டிரண்டாகத் தாவி இறங்கி, வேனுக்குள் உட்கார்ந்து, தங்கைக்குப் போன் போட்டார். முதல் ரிங்கிலேயே எடுத்தாள்.

"தூங்கலையாம்மா?"

"எங்கண்ணே தூங்கறது... மூணு நாளாப் பாடிப் பாடிக் குரலே போயிடுச்சு."

பாட்டுச் சத்தம் கேட்டாலே கதவைச் சாத்துகிறவள் அவள்.

"யாரு பாடச் சொன்னது?"

 போனுக்குள் எங்கேயோ தம்... தம்... என்று மெல்ல அடித்தது.

"ஊருக்கே வேணா சொல்லு, உங்கண்ணன்கிட்ட மட்டும் சொல்லாதேன்னாரு... நானும் வர்றேன்னு சொல்லிட்டேண்ணே."

கடைசி 'ண்ணே' டப் பாட்டில் வருவதுபோல எதிரொலித்தது. ண்ணே... ண்ணே... பெட்டி எண்ணினார். தொழில் பழக்கம். மூன்று முறை.

முதல் இரண்டும் தங்கையின் குரல்.

மூன்றாவது, "போதும், போனை வை மச்சான்" என்றது.