முதலில் இரண்டு நல்லது

ஒருவர் எடுத்த படத்தைப் பார்த்தால் முதலில் அதில் இரண்டு நல்லதைச் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு ஒரு குறை. ஒன்றே ஒன்று, அதுவும் திருத்துகிற வழியோடு. எங்கள் பாபநாசம் ஒளிப்பட நண்பர்கள் சங்கத்தின் விதி இது. எழுதியவன் நான். இதோ இந்த டீயையே எடுத்துக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர் சார். சூடாக இருக்கிறது, தூள் நன்றாக இறங்கியிருக்கிறது. சர்க்கரையை மட்டும் அரைக் கரண்டி குறைத்தால் பிரமாதம். பாருங்கள், கொண்டுவந்த ஏட்டையா முகம் கோணவே இல்லை.

நல்லக்கண்ணுவுக்குத் திங்கட்கிழமை தீர்ப்பு என்கிறார்கள். எங்கள் வைக்கோல்போருக்குத் தீ வைத்து, அதில் தன்னைப் பெற்ற தாயையே சாகவிட்டான் என்று வழக்கு. தூக்கு கிடைத்தாலும் கிடைக்கும் என்று என் அண்ணன் சொல்கிறார். அந்தத் தீயை நல்லக்கண்ணு வைக்கவில்லை. அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன். அதைவிட முக்கியமான ஒன்றும் இருக்கிறது, வரிசையாக வருகிறேன். எழுதுகிறவர் கை வலித்தால் சொல்லட்டும், நிறுத்திக்கொள்ளலாம். எனக்கு அவசரம் இல்லை. உண்மையைச் சொன்னால் இன்று காலையிலிருந்து எனக்கு ஒரே சந்தோஷமாக இருக்கிறது.

எங்கள் சங்கத்தில் ஒன்பது பேர். ஜெகபர் அலி பாயின் ஜவுளிக்கடை மாடியில் ஞாயிறுதோறும் காலை பத்து மணிக்குக் கூடுவோம். ஒரு கயிற்றில் துணிக் கிளிப் போட்டுப் படங்களைத் தொங்கவிடுவோம். யார் படம் தொங்குகிறதோ அவர் கடைசி ஆள் பேசி முடிக்கும்வரை வாயைத் திறக்கக் கூடாது. ஓரத்தை வெட்டச் சொல்லி ஒருவர் யோசனை சொன்னால், வெட்டிய துண்டு யோசனை சொன்னவருக்குச் சேரும். அது ஒரு மரியாதை. என்னிடம் ஒரு பிஸ்கட் டப்பா நிறைய அப்படிப்பட்ட துண்டுகள் இருக்கின்றன. வெளியே கூலிக்குச் சண்டை, நில உச்சவரம்புக்குச் சண்டை, அறுப்புக்கு வெளியூர் ஆள் வந்தால் செங்கொடி, வராவிட்டால் போலீஸ். எங்கள் மாடியில் மட்டும் நிலத்துக்காரன், கடைக்காரர், தபால்காரர் எல்லோரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தோம்.

பாயின் மனைவி மெஹராஜ் பேகத்துக்குச் சிங்கப்பூரிலிருந்து அவர் தம்பி ஒரு சின்ன கேமரா அனுப்பியிருந்தார். அவர் சங்கத்தில் சேர்ந்து அப்போது ஆறு மாதம்கூட ஆகவில்லை. போன வருஷம் ஆவணியில் நான் ஒரு படம் தொங்கவிட்டேன். நாற்றங்கால், வரப்பு, தூரத்தில் இரண்டு தென்னை. பத்து நாள் அலைந்து எடுத்தது. எல்லோரும் பேசி முடித்த பிறகு மெஹராஜ் பேகம் எழுந்தார்.

"வெளிச்சம் ரொம்ப நல்லா வந்திருக்குண்ணே. வரப்பு போற போக்கும் அழகாருக்கு. ஆனா படத்துல ஒண்ணுமே நடக்கலையே. ஏதாவது நடக்குறப்ப எடுத்துப் பாருங்க."

மாடியே சிரித்தது. நானும் சிரித்தேன். விதிப்படி மிகச் சரியாகச் சொன்னார்: இரண்டு நல்லது, ஒரு குறை, திருத்தும் வழி. கோபப்பட என்ன இருக்கிறது. எனக்குக் கோபமே வரவில்லை என்பதைத் தயவுசெய்து எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். மூன்று நாள் சோறு இறங்கவில்லை, அவ்வளவுதான். நான்காவது நாள் அவர் சொன்னது எவ்வளவு நியாயம் என்று புரிந்தது. மனசு குதியாட்டம் போட்டது. குறையை ஏற்றுக்கொள்கிறவனுக்குக் கிடைக்கும் ஆனந்தம் மற்றவர்களுக்குத் தெரியாது.

என்ன நடக்க வைக்கலாம் என்று யோசித்தேன். ஊரில் எல்லோரும் எதிர்பார்த்தது ஒன்றைத்தான். குறுவை அறுப்புக்குக் கூலி பேச்சு முறிந்திருந்தது. களத்தில் நடந்த கூட்டத்தில் நல்லக்கண்ணு என் அண்ணன் முகத்துக்கு நேராக, "கூலிய ஏத்தலேன்னா வைக்கப்போரும் ஒங்களுக்கு இல்ல, நெல்லும் இல்ல" என்று சொல்லியிருந்தான். அறுக்க விடமாட்டோம் என்று அர்த்தம். அண்ணன் அதைத் தீ வைக்கிற மிரட்டலாக எடுத்துக்கொண்டார், பிறகு நீங்களும் அப்படியே எடுத்துக்கொண்டீர்கள். நான் அதில் தலையிடவில்லை. எனக்கு அரசியல் பிடிக்காது.

வைக்கோல்போர் எங்களுடையது. பிறர் பொருளைத் தொடுகிற பழக்கம் எனக்கு இல்லை. பத்தொன்பது நாள் ஒத்திகை பார்த்தேன். காலை எட்டு மணிக்கு வெயில் இரண்டு தென்னைக்கு நடுவில் வந்து போரின்மேல் விழும். காற்று அந்த நேரத்தில் வாய்க்காலிலிருந்து மாட்டுக்கொட்டில் பக்கமாக அடிக்கும். எங்கே நிற்பது என்று குச்சி நட்டு அடையாளம் வைத்தேன். அண்ணி கேட்டதற்கு மாடித்தோட்டம் போடப்போகிறேன் என்றேன். மாடியே இல்லாத களத்தில் என்ன மாடித்தோட்டம் என்று அவருக்குக் கேட்கத் தோன்றவில்லை. நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

தங்கம்மாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். நல்லக்கண்ணுவின் அம்மா. மகன் கூலி ஆட்கள் சங்கத்தில் கொடி பிடித்தாலும் அவள் எங்கள் கொட்டிலில் மாடு பார்ப்பதை விடவில்லை. நான் கேமராவோடு போகும்போதெல்லாம், "எங்களயும் ஒரு தடவ பிடிங்க சின்னய்யா. நானும் எம்மவனும் சேந்து நிக்கிற மாதிரி" என்பாள். பார்ப்போம் பார்ப்போம் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். சும்மா நிற்கிறவர்களை எடுப்பது எனக்கு ஒத்துவராது. அதுதான் முன்பே சொன்னேனே, படத்தில் ஏதாவது நடக்க வேண்டும்.

புரட்டாசி எட்டாம் தேதி எல்லாம் கூடிவந்தது. என்னுடையது இரட்டை லென்ஸ் கேமரா, மார்பில் தொங்கவிட்டுத் தலைகுனிந்து மேல்கண்ணாடியில் பார்க்க வேண்டும். இடது வலதாகத் தெரியும். தீ பிடித்துக் கொட்டில் கூரைக்குத் தாவியதும் தங்கம்மாள் தண்ணீர்க் குடத்தைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினாள். கண்ணாடியில் அது எவ்வளவு சின்னதாக, எவ்வளவு தெளிவாக இருந்தது தெரியுமா. புடவைத் தலைப்பு பின்னால் பறக்க, கை முன்னால் நீண்டிருக்க, சுற்றிலும் புகை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

கூப்பிட்டிருக்கலாமே என்று கேட்கிறீர்கள். கேட்பீர்கள் என்று தெரியும். புதிதாகச் சேர்கிறவர்களுக்கு நான் சொல்லும் முதல் பாடமே அதுதான்: எடுக்கும்போது ஆளைப் பெயர் சொல்லிக் கூப்பிடாதே, திரும்பி கேமராவைப் பார்த்து நின்றுவிடுவார்கள். பன்னிரண்டு படம் உள்ள ரோல். பன்னிரண்டையும் எடுத்து முடித்த பிறகு கூப்பிட்டேன். அவள் கட்டை அவிழ்த்துவிட்ட கன்று வெளியே வந்தது. அது படத்தில் விழவில்லை.

சாயங்காலம் நல்லக்கண்ணுவைக் கைது செய்தீர்கள். காலையில் அவன் மதகடியில் தனியாக இருந்திருக்கிறான், பார்த்தவர்கள் யாரும் இல்லை. தீயைப் பார்த்து கேமராவோடு ஓடிவந்ததாக நான் சொன்னேன். என் படத்தின் பிரிண்ட் ஒன்றை நீங்களே வாங்கிக்கொண்டு போனீர்கள். அருமையாக எடுத்திருக்கிறீர்கள் என்றும் சொன்னீர்கள். மறந்திருக்கலாம், நான் மறக்கவில்லை.

அடுத்த ஞாயிறு ஒரு வேடிக்கை நடந்தது. சங்கத்தில் எல்லோருக்கும் கழுவி பிரிண்ட் போட்டுக்கொடுப்பது நான்தான். மெஹராஜ் பேகத்தின் ரோலில் ஒரு படம்: அறுத்த வயலிலிருந்து கொக்குகள் கூட்டமாக எழும்புகின்றன. அதே நாள், அதே காலை, வாய்க்காலுக்கு அந்தக் கரையிலிருந்து எடுத்தது. இடது ஓரத்தில் ஒரு வைக்கோல்போர். அதன் அடியில் வெள்ளை வேட்டி கட்டிய ஓர் ஆள் குனிந்திருக்கிறான். மார்பில் ஒரு பெட்டி தொங்குகிறது. காலடியில் நூல்போல் புகை. அவர் நல்லக்கண்ணுவைக் காப்பாற்றப்போகும் படத்தை எடுத்திருந்தார், அவருக்கே தெரியாமல். லென்ஸ் வைத்துப் பார்த்த எனக்கு மட்டும் தெரிந்தது.

நான் அதை ஒளிக்கவில்லை. முழுசாக பிரிண்ட் போட்டு, முழுசாகக் கயிற்றில் தொங்கவிட்டேன். எட்டுப் பேர் அதைப் பார்த்தோம். தபால்காரர் ஐயாவு, "கொக்கு ஜோரு. வானம் ஜோரு. அந்த எடது ஓரம் மட்டும் கண்ண உறுத்துது" என்றார். ஜெகபர் அலி பாய் எழுந்து போய் மூக்கு முட்டப் பார்த்தார்.

"ஆளா, சோளக்கொல்லை பொம்மையா இது?"

"ஆளுதான் பாய். யாரோ பீடி பத்த வெக்கிறாப்ல இருக்கு."

"பத்த வெக்கட்டும். இவங்க கொக்கு படத்துல வந்து ஏன் பத்த வெக்கிறான்?"

வயிறு வலிக்கச் சிரித்தோம். ஒரு வாரமாக ஊர் முழுக்கப் பேசிய தீயை வைத்த ஆளை ஏழு பேர் மாறி மாறி விரலால் தொட்டுக் காட்டி, அவன் இருப்பதால் படத்தின் சமநிலை கெடுகிறது என்று விவாதித்தார்கள். நான் கடைசியாகப் பேசினேன். நேரம் அழகு, கோணம் அழகு, இடது பக்கம் ஒன்றரை அங்குலம் வெட்டிவிடுங்கள் என்றேன்.

பேச அனுமதி வந்ததும் மெஹராஜ் பேகம் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். "அந்த ஆளு யாருன்னு தெரியலையேண்ணே" என்றார்.

"யாரா இருந்தா என்னம்மா. படத்துக்கு வேண்டாதவன்" என்றேன்.

வெட்டினார். துண்டு, விதிப்படி எனக்கு வந்தது. பெரிய பிரிண்டுக்காக நெகடிவையும் என்னிடமே கொடுத்தார். அதையும் அதே அளவுக்கு பிளேடால் வெட்டினேன். நல்ல யோசனையை அரைகுறையாகச் செய்யக் கூடாது. இது நடந்து பதினான்கு மாதம் ஆகிறது. இன்றுவரை நல்லக்கண்ணு உள்ளேதான் இருக்கிறான். அவன் பெண்டாட்டி செவ்வந்தி வாரம் ஒருமுறை எங்கள் வாசலில் வந்து நின்று, "அவுரு செய்யலீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவாள். அதில் திருத்தும் வழி எதுவும் இல்லை. நான் என்ன செய்ய முடியும்.

போன வாரம் தஞ்சாவூரில் கண்காட்சி. நானும் மெஹராஜ் பேகமும் படம் அனுப்பியிருந்தோம். கொக்குப் படத்துக்கு முதல் பரிசு, 'அளவறிந்து ஓரம் வெட்டிய நேர்த்தி' என்று நடுவர் எழுதியிருந்தார். என்னுடைய யோசனை. பரவாயில்லை, மகிழ்ச்சிதான். என் தீப்படத்துக்கு ஆறுதல் பரிசு. அதன் கீழே அவர் எழுதியதை அப்படியே சொல்கிறேன்: 'உணர்ச்சி மிக்க காட்சி. நல்ல வெளிச்சம். ஆனால் அதிர்ஷ்டவசமாகக் கிடைத்த தருணம், திட்டமிட்ட உழைப்பு தெரியவில்லை.'

திட்டமிட்ட உழைப்பு தெரியவில்லையாம். பத்தொன்பது நாள், சார்.

அதனால்தான் வந்தேன். இதோ பிஸ்கட் டப்பா, இதோ அந்தத் துண்டு. லென்ஸும் கொண்டுவந்திருக்கிறேன், பாருங்கள். குனிந்திருப்பது நான், தீ வைத்தது நான். காற்று தற்செயல் இல்லை, வெயில் தற்செயல் இல்லை. அந்தப் பெண் அந்த நிமிஷத்தில் உள்ளே ஓடியதும் தற்செயல் இல்லை. கன்றை என்றைக்கும் வெளியே முளைக்குச்சியில்தான் கட்டுவார்கள். அன்று காலை அதைக் கொட்டிலுக்குள் கொண்டுபோய்க் கட்டியவன் நான். தீ மட்டும் இருந்து ஆள் இல்லாவிட்டால், ஒன்றும் நடக்கவில்லை என்று மறுபடியும் சொல்லிவிடுவார்களே. கூரை அவ்வளவு சீக்கிரம் இறங்கும் என்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை. அது ஒரு குறை. ஒப்புக்கொள்கிறேன்.

எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று சொல்லுங்கள். நடுவருக்கு ஒரு நகல் போகும்படி பார்த்துக்கொள்ளுங்கள். நல்லக்கண்ணு வெளியே வந்தால் அவனுக்குக் கொடுக்கக் கனமான அட்டையில் ஒரு பெரிய பிரிண்ட் போட்டு வைத்திருக்கிறேன். அவன் அம்மா படம் வேண்டும் வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள், கடைசியில் வாங்கிவிட்டாள். அவன் பார்த்துவிட்டு என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும், எனக்குக் கோபம் வராது. முதலில் இரண்டு நல்லது சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.