எச்சரிக்கை வராத கணினி

கணினி ஏதாவது கேட்டால் நம்மவர்கள் அதை வாசிப்பதில்லை. 'ஆம்' என்று எங்கே இருக்கிறதோ அங்கே அழுத்திவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விடுவார்கள். பிறகு வைரஸ் பிடித்துவிட்டது என்று சில்வெஸ்டர் என்கிற என்னைக் கூப்பிடுவார்கள். இந்த நிவாரண அலுவலகத்தில் கணினிப் பொறுப்பாளனாக நான் பட்ட பாடு அதுதான். மங்கையற்கரசி ஒருத்திதான் வாசிப்பாள். விளங்காவிட்டால் கையை எடுத்துவிடுவாள். அவளைத் தங்கச்சி என்றே கூப்பிட்டுப் பழகியவன் நான். ஆகையால் உங்களிடமும் அவள் என்றே சொல்கிறேன், மரியாதைக் குறைவாக எடுக்க வேண்டாம்.

நீங்கள் கொழும்புத் தலைமையலுவலகத்திலிருந்து வந்திருக்கிறீர்கள். இங்கே நிலைமை எப்படி இருந்தது என்பதை முதலில் சொல்ல வேண்டும். இந்த வருடத் தொடக்கத்தில் எங்கள் களப்பணியாளர் வினாயகமூர்த்தியைச் செங்கலடிக்கு அப்பால் ஆயுதத்தோடு சிலர் வழிமறித்தார்கள். பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார் சொன்னதையெல்லாம் எழுதி அவர் பையில் வைத்திருந்தார். பையைப் பறித்துக்கொண்டு ஆளை விட்டார்கள். அவர் எந்த நாளில் போகிறார் என்பது அலுவலகத்துக்குள் மட்டுமே தெரிந்த விஷயம். அதோடு எங்கள் நிம்மதி போனது. ஒருவர் உள்ளே வந்தால் போனில் பேசிக்கொண்டிருப்பவர் பேச்சை நிறுத்துவார். சாரதி யாரோடும் உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள், எங்களுக்குப் பட்டப்பகலிலேயே அப்படித்தான் இருந்தது.

வினாயகமூர்த்தி வேலையை விட்டுப் போனதும் அந்த வேலை மங்கையற்கரசியிடம் வந்தது. தாள் வேண்டாம், கேட்டதைக் கணினியில் எழுதிப் பாதுகாப்பான மின்னஞ்சலில் அனுப்புங்கள் என்று நீங்கள்தான் சொன்னீர்கள். திரையில் பூட்டுப் படம் இருந்தால் அனுப்பலாம், எச்சரிக்கை வந்தால் நிறுத்த வேண்டும் என்று உங்கள் பயிற்சியாளர் சொல்லிக்கொடுத்ததை அவள் வேதவாக்காக எடுத்துக்கொண்டாள்.

அலுவலகத்தில் காட்டிக்கொடுப்பது யார் என்று கண்டுபிடிக்க வேண்டும் என்று நான் முடிவு செய்தேன். யாரும் என்னிடம் கேட்கவில்லை. கேட்டுச் செய்கிற வேலையும் இல்லை அது. எல்லோருடைய இணையமும் என் அறையிலிருக்கும் கணினியைத் தாண்டித்தான் வெளியே போகும். அங்கே ஒரு ஏற்பாடு செய்தால் பூட்டிய கடிதத்தையும் திறந்து வாசித்து, திரும்பப் பூட்டி அனுப்பலாம். ஒரேயொரு சிக்கல், அந்தப் பூட்டில் இருப்பது என்னுடைய கையெழுத்து. சோதனைச் சாவடியில் கிராம சேவகரின் கடிதத்தைப் பார்க்கிறார்களே, அதுபோல ஒவ்வொரு கணினியும் தான் நம்புகிறவர்களின் சான்றிதழ்களை உள்ளே வைத்திருக்கும். தெரியாத கையெழுத்து வந்தால் எச்சரிக்கும்.

மற்றவர்கள் வழக்கம்போல 'ஆம்' என்று அழுத்தி என் சான்றிதழை ஏற்றுக்கொண்டார்கள். மங்கையற்கரசி என்னைக் கூப்பிட்டாள்.

"சில்வெஸ்டர் அண்ணன், என்னமோ எச்சரிக்கை காட்டுது. நான் அனுப்பாம வச்சிருக்கன். ஒருக்கா வந்து பாருங்க."

அவளுடைய கவனத்தை நினைத்து எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. அவளுடைய கதிரையில் உட்கார்ந்து, கட்டளை எழுதும் கறுப்புத் திரையைத் திறந்தேன். ஒரே ஒரு வரி. என் சான்றிதழை அந்தக் கணினி நம்பவேண்டிய சான்றிதழ்களோடு சேர்த்தேன். வெற்றிகரமாக முடிந்தது என்று திரை சொன்னது. அவள் என் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். திருத்திவிட்டேன், இனி வராது என்றேன். அதற்குப் பிறகு வரவில்லை. அவள் எனக்குத் தேநீர் ஊற்றித் தந்தாள்.

ஒரு மாதம் வாசித்ததில் அவளிடம் எந்தக் குற்றமும் இல்லை என்று தெரிந்துவிட்டது. அப்போதே சான்றிதழை எடுத்திருக்கலாம் என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் நினைத்தேன். ஆனால் இன்று சுத்தமாக இருப்பவர் நாளைக்கும் அப்படியே இருப்பார் என்று யார் உறுதி சொல்வது? அதோடு அவள் நன்றாக எழுதுவாள். குருக்கள்மடத்து இரத்தினம்மாவின் மகனைப் பிடித்துப்போனவர்களின் முகத்தை அந்தத் தாய் எப்படி விவரித்தாள் என்பதை வாசித்தால் நமக்கே அடையாளம் தெரியும். எனக்கும் தெரிந்தது. அந்த முகங்களில் ஒன்று நல்லரத்தினம், என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன். இலக்கத்தகடு இல்லாத வாகனத்தில் திரிகிறவன். நான் அதை யாரிடமும் சொல்லவில்லை. வாயை அடக்கிக்கொள்ளத் தெரிந்தவன் நான்.

ஒரே ஒரு தரம்தான் தவறினேன். மதியச் சாப்பாட்டு நேரம், சும்மா அக்கறையாக, இரத்தினம்மாவுக்குக் கண் ஆபரேஷன் முடிந்ததா என்று கேட்டுவிட்டேன். அவள் சாப்பாட்டுப் பார்சலை மூடினாள்.

"அது உங்களுக்கு ஆரு சொன்ன?"

"நீதானே சொன்ன."

"ஓம், சொல்லியிருப்பன்," என்றாள்.

அன்று மாலையே கடவுச்சொல்லை மாற்றினாள். மாற்றியதையும் பார்த்தேன். பிறகு உங்களுக்கு எழுதினாள். அலுவலகத்தில் யாரோ என் கடிதங்களை வாசிக்கிறார்கள், எப்படியென்று விளங்கவில்லை, பூட்டுப் படம் சரியாகத்தான் இருக்கிறது, ஒருவரை அனுப்பிக் கணினிகளைச் சோதியுங்கள் என்று. அதே கடிதத்தில், திங்கட்கிழமை இரத்தினம்மாவைக் கூட்டிவந்து மட்டக்களப்பில் ரயிலேற்றப் போகிறேன், அலுவலக வாகனத்தை நம்ப முடியவில்லை, பஸ்ஸில் தனியாகப் போகிறேன் என்றும் எழுதியிருந்தாள்.

எனக்குப் பயம் வந்தது. நீங்கள் வருவீர்கள், சான்றிதழைக் காண்பீர்கள், காட்டிக்கொடுத்தவன் சில்வெஸ்டர் என்று ஊர் முழுக்கச் சொல்லும். இந்த ஊரில் அந்தப் பெயர் எடுத்தவன் உயிரோடு இருக்க முடியுமா? நான் செய்ததோ காட்டிக்கொடுப்பவனைப் பிடிப்பதற்கான வேலை.

நல்லரத்தினத்தைத் தேடிப்போய் இரண்டு விஷயம்தான் சொன்னேன். திங்கட்கிழமை, குருக்கள்மடம். எந்த வாகனம் என்று கேட்டான். பஸ் என்றேன். கேட்டதற்குப் பதில் சொல்வது பழக்கம். பெண்பிள்ளையைக் கொஞ்சம் வெருட்டிவிடுவார்கள், வெளிவேலையை விட்டு அலுவலகத்தோடு இருப்பாள், அவளுக்கும் அதுதான் நல்லது என்று எண்ணினேன்.

அவள் பஸ்ஸிலிருந்து இறங்கியதைக் கண்டவர்கள் இருக்கிறார்கள். இரத்தினம்மாவின் வீட்டுக்கு அவள் போய்ச் சேரவில்லை. அன்று பின்னேரம் இரத்தினம்மாவின் வீடும் திறந்து கிடந்தது, உள்ளே ஆள் இல்லை. இன்றுவரை இருவரையும் பற்றி ஒரு தகவலும் இல்லை.

மறுநாள் காலை அவளுடைய கணினியில் என் சான்றிதழை நீக்கினேன். அதுவும் ஒரு வரிதான். அதனால்தான் நீங்கள் அவளுடைய கணினியை மட்டும் தேடியபோது ஒன்றும் கிடைக்கவில்லை. உங்கள் நிபுணர் என் வேலை சுத்தமாக இருக்கிறது என்று பாராட்டினார்.

பிறகு அவளுடைய தாய் சீதேவிப்பிள்ளை வந்தா. மகளின் கதிரையில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டா.

"மனே, உன்னப் பத்தித்தான் எந்த நேரமும் சொல்லுவாள். எண்ட புள்ளய ஆரு காட்டிக் குடுத்த எண்டு நீதான் கண்டுபுடிச்சித் தரணும்."

தருவேன் என்று சொன்னேன். எனக்கும் அழுகை வந்தது, அது நடிப்பில்லை. அந்தத் தாய்க்குக் கொடுத்த வாக்குக்காகத்தான், நீங்கள் கேட்காமலே, இதையெல்லாம் நானாகச் சொல்கிறேன். மற்றக் கணினிகளில் என் சான்றிதழ் இன்னும் இருக்கிறது, தினமும் வாசிக்கிறேன். ஏனென்றால் ஒரு விஷயம் இடிக்கிறது. நாளையும் இடத்தையும் பஸ்ஸையும் நான் சொன்னேன், அதை மறுக்கவில்லை. ஆனால் அவள் துணைக்கு ஒருவரும் இல்லாமல் தனியாகப் போகிறாள் என்று ஒரு வார்த்தை நான் சொல்லவில்லை, அது தெரியாமல் வழியிலே பிடிக்கத் துணிவார்களா? அந்தக் கடிதத்தை வாசித்தது நானும் தலைமையலுவலகமும் மட்டும்தான். அதனால் கேட்கிறேன், உங்கள் பக்கத்தில் அவளைக் காட்டிக்கொடுத்தது யார்?