திருப்பி வைத்த சீட்டு

தன் தொப்பியில் அந்த இறகைக் குத்தியது நோபேட்தான், சோதிலிங்கம் அண்ணை. நேற்று ஃபோனில் கதைத்தபோது நான் குத்திக் கொடுத்ததாக நீங்கள் விளங்கிக்கொண்டது போல இருந்தது. அதை முதலில் திருத்திவிடுங்கள். ஜனுஷா அக்காவுக்காக வாதாடப் போகிறவர் சின்ன விஷயத்திலும் பிழை விடக் கூடாது. எல்லர்ஸ்லியில் வேலை முடிந்து ரயிலில் வந்தபடி இதைத் தட்டுகிறேன், எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தச் சண்டை விளையாட்டில் எப்படிப் போய்ச் சேர்ந்தோம் என்று கேட்டீர்கள். அது முழுக்க என் ஆர்வம். பதினேழாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் அரசனுக்கும் பாராளுமன்றத்துக்கும் நடந்த உள்நாட்டுப் போரை, இங்கே ஊருக்கு வெளியே, பக்குரங்காவுக்கு அப்பால் ஒரு புல்வெளியில் நடித்துக் காட்டுகிற குழு அது. கம்பளிச் சட்டை, நீள ஈட்டி, திரி கொளுத்திச் சுடுகிற பழைய துப்பாக்கி. நான் பாராளுமன்றப் பக்கம். பியூரிட்டன்கள், அண்ணை. கோயிலில் படம், சொரூபம், மெழுகுதிரி எல்லாம் மனிதன் சேர்த்த அழுக்கு என்று துடைக்கப் புறப்பட்டவர்கள். வேதத்துச் சங்கீதங்களைப் பாடிக்கொண்டே சண்டைக்குப் போனவர்கள். யாழ்ப்பாணத்தில் எங்கள் குடும்பத்துக்கு வேதம் சொன்ன அமெரிக்க மிஷன்காரர்கள் அந்த வழியில் வந்தவர்கள்தானே. எனக்கு அது சொந்த வீட்டுக் கதையைக் கேட்பது போல இருந்தது.

அக்காவை நான் கூட்டிப் போனேன். அவள் என் பக்கத்தில் நின்று சுடுவாள். தான் கட்டப் போகிறவர் என்று நோபேட்டைக் கூட்டி வந்தாள். அவர் மன்னார், கத்தோலிக்கர், எலெக்ட்ரீஷியன், பெரிய சிரிப்பு. வந்த அன்றே அரசன் பக்கம் சேர்ந்துகொண்டார்.

"எங்கட பக்கம் தொப்பி வடிவாயிருக்கு மச்சான். உங்கட ஆக்கள் கிறிஸ்மஸையே தடை செய்தவங்களாம், உண்மையோ?"

"ஓம். வேதத்தில இல்லாத நாள்."

"அப்ப கேக்கும் இல்லை. கேக் இல்லாம எப்பிடியடா சண்டை பிடிச்சவங்கள்?"

"உவனைச் சீண்டாதேங்கோ," என்றாள் அக்கா. "பிறகு வீட்டில எனக்கெல்லோ பிரசங்கம் நடக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்கு அவர்மேல் கோபம் எதுவும் இருந்ததில்லை, அதை நீங்கள் நம்ப வேண்டும்.

பிறகு அக்கா தானும் கத்தோலிக்கத்துக்கு மாறப் போவதாக வீட்டில் சொன்னாள். வகுப்புக்குப் போகத் தொடங்கினாள். காருக்குள் ஒரு சின்ன மாதா சொரூபம் வந்து உட்கார்ந்தது. அதை நான் தொடவே இல்லை. சொரூபத்தை உடைத்தால் இன்னொன்று வாங்குவாள். ஆறுதலாக யோசித்தபோது, எடுக்க வேண்டியது சொரூபம் இல்லை என்று விளங்கியது.

ஆனால் ஒரு மனிதனைப் பற்றி முடிவெடுக்க நான் யார்? அதற்கும் அந்தப் படையிலேயே ஒரு வழி இருந்தது. 1647இல் கலகம் செய்த மூன்று பேருக்கு மரண தண்டனை விதித்தார்கள். ஒருவரைச் சுட்டால் போதும் என்று பிறகு தீர்மானித்தார்கள். யாரை? சீட்டுப் போட்டார்கள், அண்ணை. வாசித்தபோது எனக்குப் புல்லரித்தது. எங்கள் சபையில் புதுவருட ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை எடுப்போமே, அதேதான். வசனங்கள் தட்டில் கவிழ்ந்திருக்கும். கை வைத்தது உங்களுடையது. சின்ன வயதில் அக்கா ஒருமுறை தனக்கு வந்த வசனம் பிடிக்காமல் திருப்பி வைத்துவிட்டு இன்னொன்றை எடுத்தாள். நான்தான் அம்மாவிடம் சொல்லிக்கொடுத்தேன். பதில் வந்த பிறகு கடவுளிடம் திரும்பக் கேட்பது அவரை நம்பாமல் இருப்பது. அந்த வயதிலேயே எனக்கு அது தெரியும்.

துப்பாக்கிகளைத் துடைப்பதும், ஆட்டத்துக்கு முன் குழலுக்குள் கம்பி விட்டு வெறுமையாக இருக்கிறதா என்று பார்ப்பதும் என் பொறுப்பு. விதியென்றால் என்னைப் போலக் கண்டிப்பானவன் இல்லை என்று குழுத் தலைவரே கொடுத்தது. வெடிமருந்து மட்டும், குண்டு கிடையாது. குழல் எப்போதும் எதிரில் நிற்பவரின் தலைக்கு மேலே நீள வேண்டும். துப்பாக்கிகள் மேசையில் வரிசையாகக் கிடக்கும், ஆளாளுக்கு ஒன்றை எடுப்பார்கள். ஒன்றில் மட்டும் மருந்தையும் ஈயக் குண்டையும் முன்னமே இறக்கினேன். கண்ணை மூடிக்கொண்டு மாற்றி மாற்றி அடுக்கினேன். நானும் அந்த வரிசையிலிருந்துதான் எடுத்தேன். நியாயமாக இருக்க வேண்டும், இல்லையா.

முதல் முறை யாருக்கும் படவில்லை. தூரத்து மரத்தில் பட்டை தெறித்ததை நான் மட்டும் பார்த்தேன். கேள்வியைத் தெளிவாகக் கேட்கவில்லையோ என்று தோன்றியது. அடுத்த ஆட்டத்தில் நோபேட் பிடித்திருந்த கொடியில் ஒரு ஓட்டை விழுந்தது. யாரும் பெரிதாக எடுக்கவில்லை. அவர் விரலை அதற்குள் விட்டு என்னைப் பார்த்து ஆட்டினார்.

"பூச்சி அரிச்சுப்போட்டுது. பார் மச்சான், உன்ர ஆண்டவருக்கு எங்கட கொடி பிடிக்கேல்லைப் போல."

அவர் வாயாலேயே வந்தது, அண்ணை. நான் சொல்லவில்லை. ஆனாலும் பதில் அரைகுறையாக இருந்தது, அதனால் இன்னொரு முறை. தலைக்கு மேலே சுடுகிற விதிதான் இடையில் நிற்கிறது என்று எனக்குப் பட்டது. மேட்டில் ஏறி நின்றால் எடுக்கிற ஃபோட்டோவில் கொடி வடிவாக விழும் என்று நோபேட்டிடம் சொன்னேன். உடனே ஏறினார். அங்கிருந்து அக்காவுக்குக் கையசைத்தார். கீழே நிற்பவர்களின் தலைக்கு மேலே நீண்ட எங்கள் குழல்கள், மேட்டில் அவருடைய நெஞ்சுக்கு நேராக இருந்தன.

தலைவர் கை காட்டினார், எல்லோரும் சுட்டோம். புகை கலைந்தபோது கொடி சரிந்து கிடந்தது. நன்றாக நடிக்கிறார் என்று பார்க்க வந்தவர்கள் கைதட்டினார்கள். அக்கா சிரித்துக்கொண்டேதான் மேட்டில் ஏறினாள்.

குண்டு வந்தது அவளுடைய துப்பாக்கியிலிருந்து என்று பொலிஸ் சொல்கிறது. அது அவள் கைக்குப் போனதில் எனக்கு எந்தப் பங்கும் இல்லை. அதை நினைத்தால் இப்போதும் வியப்பாக இருக்கிறது. அவளோ, குழலைத் தானும் ஒருமுறை பார்த்திருக்க வேண்டும், தான்தான் கொன்றது என்று எல்லோரிடமும் சொல்கிறாள். நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொள்வேன் என்று உங்களிடமும் சொல்லிவிட்டாள். சாப்பிடுவதில்லை. காரிலிருந்த மாதாவைக் கைக்குள் வைத்துக்கொண்டே இருக்கிறாள். கடவுள் செய்ததைத் தான் செய்ததாகச் சொல்வது பெருமை பிடித்த பேச்சு என்று பொறுமையாக எடுத்துச் சொன்னேன். "உனக்கு ஒண்டும் விளங்காது, போடா தம்பி" என்றாள்.

குண்டை இறக்கியவன் நான். இதைப் பொலிசிடம் சொல்லலாமா என்று கேட்டு, நேற்று இரண்டு துண்டுக் காகிதத்தில் 'சொல்', 'சொல்லாதே' என்று எழுதி, வேதத்துக்குள் வைத்து ஒன்றை எடுத்தேன். 'சொல்' என்று வந்தது. அந்தக் காகிதம் ஓரத்தில் கொஞ்சம் மடங்கியிருந்தது, கை தானாக அதற்குப் போயிருக்கலாம். நீவிவிட்டுத் திரும்ப எடுத்தேன். அதுவே வந்தது. நாளை உங்கள் அலுவலகத்துக்கு வரும்போது புதிதாக, ஒரே அளவில் வெட்டிக் கொண்டுவருகிறேன். இந்த முறை நீங்கள் எடுத்தால் சுத்தமாக இருக்கும் அண்ணை, என்ன நினைக்கிறீங்கள்?